பாசிக்குடாவில் குளித்து முடித்த பிறகு என்ன செய்வது?

யாழ்ப்பாணத்திலிருந்து ஆகஸ்ட் விடுமுறைக்கு, இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கிற பாசிக்குடாவுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வயதான அப்பா அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், மூன்று இரவு. கடலில் குளிப்பதைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது, எங்கே தங்குவது என்பதுதான் உங்கள் கேள்வி. நான் பக்கத்து ஊரான வாழைச்சேனைக்காரன், இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மூன்று இரவையும் பாசிக்குடாவிலேயே வைக்காதீர்கள். இரண்டு இரவு இங்கே, ஒரு இரவு மட்டக்களப்பு டவுனில். கடலைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புகிறவர்கள் மட்டக்களப்பு வாவியை, அதாவது கடலோடு சேர்கிற பெரிய உப்பங்கழியை, பார்க்காமலே போய்விடுகிறார்கள். எங்கள் மாவட்டத்தின் சாப்பாடு, கோயில், கதை எல்லாம் அந்த வாவியைச் சுற்றித்தான் இருக்கிறது.

சரி, முதலில் பாசிக்குடா. வெளியே முருகைக்கல் (பவளப்பாறை) திட்டுகள் அலையைத் தடுத்து நிறுத்துவதால் குடாவுக்குள் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். கரையிலிருந்து எவ்வளவோ தூரம் நடந்தாலும் இடுப்பைத் தாண்டாது. அதிகாலை ஐந்தரை மணிக்கே இறங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் படகு ஓடாது, தண்ணீர் கலங்காது. அடியில் மணல் வரிவரியாகக் கிடப்பதும், உங்கள் காலைச் சுற்றிச் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து திரும்புவதும் தெளிவாகத் தெரியும். சூரியன் நேரே கடலிலிருந்துதான் எழும்பும். என் அம்மம்மா காலமெல்லாம் கடலோரத்தில் வாழ்ந்தவர், ஆனால் அலைக்குப் பயந்து முழங்கால் நனைத்ததில்லை. அவர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து எழும்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது பாசிக்குடாவில்தான். உங்கள் அப்பா அம்மாவையும் கரையில் பாய் விரித்து உடுப்புக்குக் காவல் வைத்துவிடாதீர்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கும் முழங்கால் நோவு உள்ளவர்களுக்கும் இலங்கையில் இதைவிட நல்ல கடல் எனக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்குப் பிறகு பொதுக் கடற்கரைப் பக்கம் படகுகள் ஓடத் தொடங்கும். கண்ணாடி பதித்த வள்ளத்தில் முருகைக்கல் பார்க்கக் கூட்டிப் போவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஒருமுறை போகலாம். முன்கூட்டியே விலை பேசி, லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகுதான் ஏற வேண்டும். படகு போகிற பாதையில் பிள்ளைகளைக் குளிக்க விடவேண்டாம். அங்கங்கே முருகைக்கல் துண்டுகள் காலைக் கிழிக்கும், பழைய செருப்பு ஒரு சோடி கொண்டுவாருங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கும். உங்கள் இரண்டு நாளும் வாரநாளாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வரிசையாக நிற்கிற பெரிய ஹோட்டல்கள் எல்லாம் போர் முடிந்து, 2011 முதல் எழும்பியவை. ஆனால் இந்த இடம் அதற்கு முன்பே பேர் போனது. 1970களில் வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கிய கரை இது. பிறகு போர் வந்தது, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நான் சின்னவனாக இருந்தபோது எங்களுக்குத் தெரிந்த பாசிக்குடா என்றால் கூரையில்லாத சுவர்களும் அதற்குள் முளைத்த பற்றைகளும்தான். அந்தச் சுவர்களுக்குள் ஒரு காலத்தில் இசைக்குழு வாசித்தது, நடனம் நடந்தது என்று பெரியவர்கள் சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம். இன்றைக்கு இங்கே உல்லாசமாகக் குளிக்கிற கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. எங்கள் தலைமுறை இப்படி ஒரு காட்சியை எதிர்பார்க்கவில்லை.

பக்கத்திலேயே கல்குடா. நடந்தோ ஓட்டோவிலோ போய்விடலாம். கரை நீளம், ஆள் குறைவு, ஆனால் தண்ணீர் வேறு மாதிரி. சீக்கிரம் ஆழம் வந்துவிடும், இழுவையும் உண்டு. அங்கே குளிக்க வேண்டாம், பார்க்கப் போங்கள். கோடை காலத்தில் காலையில் கரைவலை, அதாவது கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையைக் கரையிலிருந்தே இழுப்பார்கள். வலையின் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பின்னுக்குச் சாய்ந்து அடி அடியாக நகர்வார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு மறுபடி முன்னால் ஓடிப்போய்ப் பிடிப்பார். மீன் சேர்கிற மடி கரைக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஆகலாம். கடைசி இருபது பாகம் வந்ததும் இழுவையின் வேகமும் மாறும், சத்தமும் மாறும். பிள்ளைகளைச் சேர்ந்து இழுக்கவிடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அப்புறம் அந்த இடத்திலேயே நெத்தலியோ சூடையோ பாரையோ, விழுந்ததை வாங்கிக்கொள்ளலாம். கெஸ்ட் ஹவுஸில் கொடுத்தால் பொரித்துத் தருவார்கள். என்னைக் கேட்டால் பெரிய ஹோட்டலின் பஃபேயைவிட அதுதான் சாப்பாடு.

சாப்பாடு என்றதும் தயிரைச் சொல்லாமல் விட முடியாது. எருமைத் தயிர், மண் சட்டியில். வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் ரோட்டோரக் கடைகளில் சட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே கட்டியிருக்கிற கடதாசியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். மேற்பரப்பில் மெல்லிய மஞ்சள் ஆடை படிந்து, சட்டியைச் சரித்தாலும் அசையாமல் இருக்க வேண்டும். மண் சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடுவதால்தான் அந்த இறுக்கம் வருகிறது. ஓரத்தில் தண்ணீர் நின்றால் வேறு சட்டி கேளுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் பாணி (இனிப்புப் பாகு) விட்டுச் சாப்பிடுவார்கள். நாங்கள் சோற்றில் தயிரும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசைவோம், உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படிக் கொடுத்துப் பாருங்கள். ஓட்டமாவடியில் முஸ்லிம் கடைகளில் பகல் புரியாணி நன்றாக இருக்கும். வாவி இறாலும் நண்டும் டவுனில் சாப்பிடுங்கள்.

உங்கள் கணவர் கடலடியில் இறங்கப் பழகியவர் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்காக ஒன்று. 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையிலிருந்து வெளியேறியிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளால் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். விற்றா என்ற மருத்துவக் கப்பல் வந்து சுமார் 600 பேரை மீட்டது. ஹேர்மிஸோடு போன அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரும் அன்றே மூழ்கியது. ஹேர்மிஸ் இப்போது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, அதனால் அந்த ஆழத்துக்குத் தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே அது சரிவரும். மற்றவர்களுக்கு அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் இருக்கிறது. எதுவானாலும் அது கல்லறை, எதையும் தொட்டு எடுக்கக் கூடாது.

நீங்கள் திருகோணமலை வழியாக ஏ15 வீதியில் வந்தால் வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி எல்லாம் தாண்டித்தான் வருவீர்கள். வெருகலில் சித்திர வேலாயுதர் கோயிலில் ஒரு அரை மணித்தியாலம் இறங்குங்கள். பனிச்சங்கேணிப் பாலத்திலும் நிறுத்துங்கள், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வேறு எங்கும் நிற்கத் தேவையில்லை.

மூன்றாம் நாள் காலையில் டவுனுக்குக் கிளம்புங்கள். முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ரயிலிலும் போகலாம், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

டவுனின் நடு புளியந்தீவு. அங்கேதான் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. பத்தே வருடத்தில், 1638இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. இலங்கையில் ஒல்லாந்தர் முதலில் பிடித்த கோட்டை இதுதான். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது மிகச் சின்னது. ஆனால் மதிலில் ஏறி நின்று பாருங்கள், ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று உடனே விளங்கும். வாவி விரிந்து தெரியும், எந்தத் தோணி வந்தாலும் கண்ணுக்குத் தப்பாது. நீண்ட காலம் எங்கள் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதற்குள்தான் இருந்தது. பிறப்புச் சான்றிதழுக்கும் காணிப் பிரச்சினைக்கும் நாங்கள் ஏறி இறங்கிய கோட்டை என்பதால் எங்களுக்கு அது வெறும் பழைய கட்டடமாக ஒருநாளும் தெரிந்ததில்லை. அப்படியே நடந்து காந்தி பூங்காப் பக்கம் வந்தால் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. 1814இல் வந்து பள்ளிக்கூடம் தொடங்கியவர், அது இன்றைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி.

வெயில் ஏறிய பிறகு டவுனில் சுற்ற வேண்டாம். ஆகஸ்டில் கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று வீசும், காது சுடும். அந்த நேரத்துக்கு நான் சொல்வது படுவான்கரைப் பயணம். வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல் பக்கம் படுவான்கரை. தெற்கே குருக்கள்மடத்துக்குப் போய், அங்கிருந்து பாதையில் ஏறி அம்பிளாந்துறைக்குக் கடந்துவிடுங்கள். பாதை என்று இங்கே சொல்வது மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கிற தட்டையான படகை. வாகனத்தை மண்முனைப் பாலத்தால் சுற்றி வரச் சொல்லிவிடுங்கள். படகில் மீன் பெட்டி, நெல் மூட்டை, வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள், கோயிலுக்குப் போகிற கிழவிகள் எல்லாரும் நிற்பார்கள். உங்களிடம் எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று நிச்சயம் கேட்பார்கள், பேச்சுக் கொடுங்கள். தண்ணீரின் நடுவில் வீச்சுவலைக்காரர் தோணியின் நுனியில் நின்று வலையை எறிவதைக் கிட்டத்தில் பார்க்கலாம். கரை ஏறினால் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் பக்கம்தான். கோயிலை இடிக்க வந்த பறங்கிக்கு (போர்த்துக்கேயருக்கு)க் கல் நந்தி எழுந்து புல் தின்று காட்டியது என்ற கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே வைத்துச் சொல்லுங்கள். ஐயரைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

உங்கள் பயணம் ஆடி அமாவாசையோடு பொருந்துகிறதா என்று கலண்டரைப் பாருங்கள். பொருந்தினால் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். தகப்பன் இல்லாதவர்கள் மாவட்டம் முழுவதிலுமிருந்து அந்தக் குளத்துக்கு வருவார்கள். உங்கள் அப்பாவும் அம்மாவும் அதைக் கட்டாயம் விரும்புவார்கள். ஆனால் அந்த நாட்களில் டவுனில் அறை கிடைப்பது கஷ்டம், முன்பே பேசி வையுங்கள்.

பின்னேரம் கல்லடி. அங்கே சிவானந்த வித்தியாலயத்தின் பக்கத்தில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்தவர், பழந்தமிழ் இசையைப் பற்றிய யாழ் நூல் தந்தவர், 1947இல் மறைந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற தமிழ்க் குடும்பம் அந்த வளவுக்குள் போகாமல் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும். கல்லடிக் கடற்கரைப் பக்கம் திருச்செந்தூர் முருகன் கோயிலின் பழைய கோபுரம் சுனாமியில் சரிந்தது. அதற்கு வடக்கே நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம். அந்தக் காலையில் அங்கே தப்பி ஓட இடமே இருக்கவில்லை. படம் எடுப்பதானால் அங்கே இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

இருட்டுகிற நேரத்தில் பழைய கல்லடிப் பாலத்தில் நடந்து பாருங்கள். 1924இல் திறந்த இரும்புப் பாலம், ஆளுநர் மனைவியின் பேரில் லேடி மானிங் பாலம் என்பார்கள். பக்கத்தில் இருக்கிற புதுப் பாலம் 2013இல் வந்தது. மட்டக்களப்பில் மீன் பாடும் என்று சொல்வார்களே, அது இந்தப் பாலத்தடியில்தான். கோடை காலத்து முழுநிலவு இரவில், காற்று அடங்கிய பிறகு, தோணியில் போய் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய முறை. 1950களில் லாங் அடிகளார் என்ற அமெரிக்க இயேசு சபைத் துறவி அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவே செய்தார். பாலத்தில் நின்றால் இப்போது வாகன இரைச்சல்தான் கேட்கும். உங்கள் நாட்கள் பௌர்ணமிக்குக் கிட்ட வந்தால் மட்டும் தோணிக்காரரைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு மறுநாள் காலை பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் படகு எடுங்கள். 1913இல் கட்டிய 28 மீற்றர் வெளிச்சவீடு. வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தையும் கண்டல் காட்டையும் நீர்க்காகங்களையும் ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம்.

தங்குவதற்கு: முதல் இரண்டு இரவும் கல்குடாப் பக்கக் கெஸ்ட் ஹவுஸ் போதும். வீட்டுக்காரரே சமைத்துத் தருவார், பாசிக்குடாக் கரை எல்லாருக்கும் பொதுதானே. பெற்றோருக்கு நடக்கக் கஷ்டம் என்றால் மட்டும் கரையோர ஹோட்டலைப் பாருங்கள். மூன்றாவது இரவைக் கல்லடியில் வையுங்கள், கடலும் வாவியும் இரண்டு பக்கமும் நடை தூரத்தில் இருக்கும். திரும்பும்போது தயிர்ச் சட்டியைக் கடைசி நிமிடத்தில் வாங்கி, காலடியில் துணி சுற்றி வையுங்கள், டிக்கியில் வைத்தால் வெக்கைக்குப் புளித்துவிடும்.