முதலீட்டை இழுக்க நடக்கும் வரிச்சலுகைப் போட்டியை, தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் தங்களுக்குள் பேசி நிறுத்திக்கொள்ள முடியாதா?

முடியும். ஆனால் அதற்கான கதவை அந்நாடுகளே முன்கூட்டிச் சாத்திவைத்திருக்கின்றன. 2012இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் விரிவான முதலீட்டு ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பணத்தை வெளியே கொண்டுசெல்லும் உரிமை, சொத்தை அரசு கையகப்படுத்துதல் ஆகிய இரண்டைத் தவிர வேறெதிலும் வரி நடவடிக்கைகளை அந்த ஒப்பந்தம் தொடாது; மானியங்களுக்கும் அதே பிரிவிலேயே விலக்கு உண்டு. முதலீட்டை இழுக்க ஓர் அரசு முதலில் எடுக்கும் கருவிகளே வரிச்சலுகையும் மானியமும்தான்.

விளைவு நிறுவன வரி விகிதங்களில் தெரிகிறது. தாய்லாந்து 30 விழுக்காட்டை 2012இல் 23 ஆக்கி, மறு ஆண்டே 20க்கு இறக்கியது. வியட்நாம் 2016இல் அதே 20க்கு வந்தது. இந்தோனேசியா 2020இல் 22க்கு. சிங்கப்பூர் 2010 முதல் 17இல் நிற்கிறது. உண்மையான போட்டியோ இந்த விகிதங்களுக்கும் கீழே, பல ஆண்டு வரிவிலக்குகளில் நடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் கொண்டுவந்த வணிக வரி நன்னடத்தை நெறிகளுக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. ஆயினும் உறுப்பு நாடுகள் ஒன்றின் சலுகையை மற்றொன்று ஆராய்ந்து, தீங்கானவை என 66 சலுகைகளை 1999இல் பட்டியலிட்டன. ஆசியானிலும் 2011 முதல் ஒரு வரி மன்றம் உண்டு. இரட்டை வரியைத் தவிர்க்கும் உடன்படிக்கைகளைப் பேசும் அந்த மன்றம் இத்தகைய ஆய்வில் இறங்கியதாகத் தெரியவில்லை.

கடைசியில் கடிவாளம் வெளியிலிருந்து வந்தது. ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவை எட்டிய பன்னாட்டுக் குழுமங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரி என்று பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் (OECD) வழியே உருவான உலகளாவிய ஏற்பாட்டில், ஒரு நாடு விட்டுக்கொடுக்கும் வரியை நிறுவனத்தின் தாய்நாடு வசூலித்துக்கொள்ளலாம். பிறர் கருவூலத்துக்குப் போவதைவிடத் தாமே வசூலிப்பது மேல் என்று வியட்நாம் 2024இலும், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவை 2025இலும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. (ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு மலேசியா அறிவித்த 5 விழுக்காட்டுச் சலுகை வரி விகிதமும் இத்தகைய பெருங்குழுமங்களிடம் பெருமளவு மதிப்பிழந்துவிடும்.)

போட்டி அத்துடன் நிற்கவில்லை, உருமாறியது. வியட்நாம் 2024 இறுதியில் முதலீட்டு ஆதரவு நிதியம் ஒன்றை ஏற்படுத்தியது. சிங்கப்பூர், வரியில் கழித்தது போக மிஞ்சியதைப் பணமாகவே திருப்பித்தரும் முதலீட்டுச் சலுகையை அறிவித்தது. வரிவிலக்கால் இழப்பது வராத வருமானம். மானியத்துக்கோ கையிருப்பிலிருந்து எடுத்துத் தரவேண்டும். சிங்கப்பூருக்கு அது இயலும்; லாவோஸுக்கும் கம்போடியாவுக்கும் எளிதன்று. எனவே இப்புதிய போட்டி சிறிய நாடுகளுக்கு முந்தையதைவிடப் பாதகமானது என்பது என் கணிப்பு.

பொதுவான வரி விகிதத்துக்கு இந்நாடுகள் உடன்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால், ஒவ்வொரு சலுகையாலும் மானியத்தாலும் கருவூலம் இழக்கும் தொகையை ஒரே படிவத்தில் ஆண்டுதோறும் வெளியிட ஒப்புக்கொள்வதற்கு, அந்த 3ஆம் பிரிவைத் திருத்தவேண்டிய தேவைகூட இல்லை.