டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அம்மாவை டிமென்ஷியா (மறதி நோய்) மருந்து ஆய்வில் சேர்க்க முடியுமா?

முடியும், ஆனால் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். "வயசானா மறக்கத்தான் செய்யும்" என்று நாம் விட்டுவிடுகிறோமே, அங்கேதான் வாய்ப்பு கைநழுவுகிறது. 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்த லெக்கனேமாப் என்ற மருந்து, டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் ஆரம்ப நிலையில் உள்ளவர்களிடம்தான் சோதிக்கப்பட்டது. மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதை பெட் ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோ உறுதி செய்தார்கள். மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வருகிறதா என்று பார்க்க எம்ஆர்ஐயும் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் எம்ஆர்ஐ எடுப்பது சிக்கலாகலாம், அதனால் அம்மாவுக்கு அது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தென்னாப்பிரிக்க தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் தேடி, டர்பனில் ஆள் சேர்க்கிறார்களா என்று பாருங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் (SAHPRA) அனுமதியும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். காசு கேட்டாலும் அப்படித்தான்.

அப்புறம், துணைக்கு ஒருவர் வேண்டும். அடுப்பை அணைக்க மறந்தாரா, மாத்திரையை இரண்டு தடவை போட்டாரா என்று அவர்தான் சொல்லணும். வேலைக்குப் போகும் மகளுக்கு இது பெரும்பாடு. நேரத்துக்கும் சிரமத்துக்கும் பயணச் செலவுக்கும் ஈடு தருவது இங்குள்ள நடைமுறை, கூச்சப்படாமல் கேளுங்கள். அம்மாவுக்கு மருந்தில்லாத போலி ஊசி விழவும் வாய்ப்புண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.