மட்டக்குதிரையா, குட்டியா? பல்லைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

அரியமான் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட மட்டக்குதிரை வாங்கப்போகிறார் உச்சிப்புளி வாசகர் ஒருவர். தரகர் காட்டியது நாலடி உயரம். "மட்டம்தான், நாளைக்கே ஆள் ஏத்தலாம்" என்றவர், ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று கேட்டதும், "குட்டிதானே, இன்னும் வளரும்" என்றாராம். எதை நம்புவது என்று கேட்கிறார்.

இரண்டும் ஒரே உருப்படிக்குப் பொருந்தாது. மட்டக்குதிரை குள்ள இனம். முழுதாக வளர்ந்த பிறகும் தோள்மேட்டில் (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) 148 செ.மீ.க்குள்தான் நிற்கும். குட்டி என்பது ஒரு வயதுகூட ஆகாதது. உயரத்தை விடுங்கள், உதட்டைத் தூக்கி முன்பற்களைப் பாருங்கள். பால் பல் சின்னதாக, வெள்ளையாக, ஈறோரம் ஒடுங்கி இருக்கும். நிலைப்பல் அகலம், மஞ்சள் பாய்ந்திருக்கும். இரண்டரை வயதுவாக்கில் நடுப்பல் மாறும், மூன்றரையில் அடுத்தது, நாலரையில் ஓரப்பல். எல்லாமே பால் பல் என்றால் சவாரிப் பேச்சே வேண்டாம். கால் எலும்பு முற்றாத குட்டியை அந்தப் பொதபொத மணலில் ஓட்டினால் ஆயுசுக்கும் நொண்டலாம்.

தரகர் அடுத்து "அரபு ரத்தம்" என்பார். அரபுக் குதிரை 148 செ.மீ.க்குக் குறைந்தாலும் இனத்தால் அது குதிரைதான், மட்டம் ஆகாது. அது உண்மை. அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் இறங்கியதை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். அந்தப் பழம்பெருமையைச் சொல்லித்தான் நம் கரையில் விலையை ஏற்றுகிறார்கள். அசல் அரபு என்றால் வம்சாவளிப் பதிவுக் காகிதம் இருக்கும். காகிதம் இல்லையா, அரபு விலை கொடுக்காதீர்கள். பாதி அரபு, கால் அரபு என்பதெல்லாம் வாய்ப்பேச்சு.

வண்டியில் ஏற்றிவர மருத்துவச் சான்று வேண்டும் என்று 1978 விதி சொல்கிறது. ஆனால் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் தரகர் சொன்ன வயதையே எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்றுகள் என் கைக்கு வந்திருக்கின்றன. மட்டக்குதிரைமேல் 70 கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது என்று 1965 விதியே இருக்கிறது. எந்தக் கடற்கரையில் யார் எடை பார்க்கிறார்கள்? விதி போட்டவர்கள் வந்து பார்க்கவில்லை என்பதற்காக அந்த வாயில்லா ஜீவன் முதுகில் பெரியவர்களை ஏற்றிவிடாதீர்கள்.

தரகர் கூட்டிவரும் டாக்டர் வேண்டாம். நீங்களே ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துப்போய்ப் பல்லைக் காட்டுங்கள். அதற்கு முன் ஒரு ரூபாய்கூட நீட்டாதீர்கள்.