உலாவி இலவசம் என்றால் பணம் யார் தருகிறார்கள்?

கேள்வி: அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கிறேன். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். ஒவ்வொரு நிறுவையையும் கொப்பியில் குறித்து, மாத முடிவில் சம்பளத் துண்டோடு ஒப்பிடுவார். அதற்காக ஒரு செயலி செய்திருக்கிறேன். இலவசமாகக் கொடுக்க விருப்பம். ஆனால் எனக்கும் வருமானம் வேண்டும். இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருளான உலாவியை இலவசமாகத் தரும் கம்பனிகள் எப்படிச் சம்பாதிக்கின்றன?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கத்தின் படத்தை நெடுநேரம் பார்த்தேன். பென்சிலால் 7, 9, 6; கூட்டினால் 22. அதற்குக் கீழே ‘2 வெட்டு’. ஈரக் கொழுந்துக்குக் கழித்திருப்பார்கள் போலும். அந்த இரண்டு கிலோவுக்குக் கணக்குக் கேட்க உதவும் செயலியை அம்மாவிடம் விற்க வேண்டாம் என்று நீங்கள் நினைத்தது மிகச் சரி.

உலாவிக்காரர்களும் பயனரிடம் காசு கேட்பதில்லை. பயனர் தம் பக்கம் வர வேண்டும் என்று விரும்புகிறவரிடம் வாங்குகிறார்கள். மொசில்லா என்ற அமைப்பின் ஃபயர்ஃபொக்ஸ் உலாவியில், தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால், நாம் மாற்றாதவரை பெரும்பாலான நாடுகளில் அது கூகுளுக்குப் போகிறது. தேடல் விடைகளோடு விளம்பரம் காட்டிக் கூகுள் சம்பாதிக்கிறது. அதற்காக அது கொடுக்கும் தொகைதான் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு. அப்பிளின் சஃபாரி உலாவியில் அதே இடத்தைப் பிடிக்க, 2022 இல் மட்டும் கூகுள் ஏறத்தாழ 20 பில்லியன் டொலர் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் இது வெளிவந்தது. 2008 இல் கூகுள் சொந்தமாகக் குரோம் உலாவியை வெளியிட்டதன் பயனும் இதில்தான் இருக்கிறது. அதில் நடக்கும் தேடலுக்குப் பெரும்பாலும் வேறு உலாவிக்காரருக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. விளம்பரப் பணத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே தங்குகிறது.

இந்த வழி கோடிக்கணக்கான பயனர்கள் உள்ளவர்களுக்கு. சில நூறு பேரிடம் விளம்பரம் காட்டினால் உங்களுக்குச் சில்லறைதான் மிஞ்சும். அந்த விளம்பரம் இறங்குவதற்கான டேட்டாவோ அம்மா ரீலோட் போட்ட காசில் கரையும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

உங்களுக்குப் பொருந்துவது நெட்ஸ்கேப் என்ற கம்பனியின் பழைய வழி. 1994 இல் வெளிவந்த அதன் உலாவியை மாணவர்கள் காசில்லாமல் பயன்படுத்தினார்கள். கம்பனிகள் உரிமக் கட்டணம் செலுத்தின. இணையத்தளங்களை நடத்தும் கணினிகளுக்கான சேர்வர் மென்பொருள் தனியே விலைபோனது. மைக்ரோசொஃப்ட் தன் உலாவியை விண்டோஸோடு சும்மா கொடுத்ததும் அந்த உரிமக் கட்டணம் அடிபட்டது. 1998 இல் நெட்ஸ்கேப்பும் உலாவியை எல்லோருக்கும் இலவசமாக்கியது. ரெட் ஹட் என்ற மென்பொருள் கம்பனி வேறு விதம்: மென்பொருளின் மூலநிரல் (அதை எழுதிய வரிகள்) எவரும் பார்க்கத் திறந்தே இருக்கும், பராமரிப்புக்கும் உதவிக்கும் நிறுவனங்கள் சந்தா கட்டும். அந்தக் கம்பனியை 2019 இல் ஐபிஎம் 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

ஆகவே தொழிலாளிக்கு இலவசம். சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கி லொறியில் ஏற்றுபவருக்கு இன்னொரு பதிப்பு செய்யுங்கள். பலருடைய நிறை, முற்பணம், உரத்துக்குக் கழித்த தொகை, மாதக் கடைசி மீதி எல்லாம் அதில் வரட்டும். அவருக்குக் கணக்குப் பிசகினால் பணம் நட்டம். அதனால் மாதக் கட்டணம் தருவார். பழக்கிக் கொடுப்பதற்கும், கோளாறு வந்தால் நேரில் போய்ச் சரிசெய்வதற்கும் சேர்த்தே விலை பேசுங்கள்.

தொழிலாளரின் பெயரையும் கிலோவையும் யாருக்கும் விற்காதீர்கள். எவ்வளவு காசு தந்தாலும் வேண்டாம். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இன்னொன்று: மலைச்சரிவில் சிக்னல் இருக்காது. நிறை முதலில் தொலைபேசியிலேயே பதியட்டும். லயத்து வீட்டுக்கு வந்தபின் இணையத்தில் ஏறினால் போதும்.