டூலா பயிற்சியில் சேரலாமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. அவளைப் பெற்றபோது பிரசவ அறையில் ஆறுதல் சொல்லக்கூட ஆளின்றித் தவித்தேன். அப்போதிருந்தே, பிரசவ நேரத்திலும் அதன் பிறகும் தாயின் கூடவே இருந்து ஆதரவு தரும் டூலாவாக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. சான்றிதழ்ப் பயிற்சியில் சேரலாமா? பிரசவ டூலாவா, பிரசவத்துக்குப் பிந்தைய டூலாவா?

பதில்: சேருங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். நீங்கள் வேண்டாம் என்று நினைப்பதை, நீங்கள் துணையிருக்கும் பெண் வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

நான் சென்னையில் பிரசவ டூலாவாக இருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் பலரும் உங்களைப் போலத் தம் பிரசவத்தில் பட்ட வேதனையோடுதான் வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த வேதனைக்கு இன்னொருத்தியின் பிரசவ அறையில் இடமில்லை. மாதக்கணக்கில் சுகப்பிரசவத்துக்குத் தயாரானவள், வலி ஏறிய நேரத்தில் "அக்கா, என்னால் முடியவில்லை, எபிடியூரல் போடச் சொல்லுங்கள்" என்பாள் (வலி மரத்துப்போக முதுகில் போடும் ஊசி அது). அப்போது உங்கள் முகம் கொஞ்சம் வாடினாலும் அவள் கண்டுகொள்வாள். தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே பிள்ளை பெறுவாள். அது கொடுமை. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். எனக்கும் இது கவலை தருகிறது. இருந்தாலும் சிசேரியனைத் தடுப்பதற்காக யாரும் டூலாவாக வேண்டாம். பிரசவம் முழுவதும் ஒருவர் கூடவே இருந்து ஆதரவளித்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 2017 தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது; மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது அது. அந்தப் பலன் உடனிருப்பதால் வருவது, மருத்துவரோடு வாதாடுவதால் அல்ல.

டூலாவாக வேலை செய்ய இந்தியாவில் அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. அப்படியிருந்தும் பயிற்சி பெறச் சொல்கிறேன். இடுப்பை எங்கே எப்படி அழுத்துவது, எப்போது நிலை மாற்றச் சொல்வது, பதறும் கணவருக்கு என்ன வேலை கொடுப்பது என்பதெல்லாம் அங்கே கைக்கு வரும். அதைவிட முக்கியமாக, எல்லை தெரியும். உள்பரிசோதனை செய்வதும் மருந்து சொல்வதும் நம் வேலை அல்ல. வகுப்பு முடிந்ததுமே சான்றிதழை நீட்டும் பயிற்சியை எனக்குப் பிடிக்காது. 1992இல் தொடங்கிய டோனா இன்டர்நேஷனல் போன்ற டூலா பயிற்சி அமைப்புகள், வகுப்புக்குப் பிறகு உண்மையான பிரசவங்களில் உடனிருந்து காட்டச் சொல்கின்றன. அப்படிப்பட்டதாகப் பாருங்கள்.

உங்கள் நிலையில் நான் பிரசவத்துக்குப் பிந்தைய வேலையில்தான் தொடங்குவேன். பிரசவ டூலா என்றால் 38வது வாரம் முதல் பிள்ளை பிறக்கும்வரை ஊரைவிட்டு நகர முடியாது. நள்ளிரவில் அழைப்பு வரும், மறுநாள் மாலைகூட வீடு திரும்பாமல் போகலாம். மூன்று வயதுப் பிள்ளையை அப்போது யார் பார்ப்பார்கள்? பிந்தைய வேலைக்குப் பெரும்பாலும் நேரம் குறித்துப் போய் வரலாம்.

தாய் வீடும் பத்தியச் சாப்பாடும் இருக்கும் ஊரில் யார் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று தோன்றும். அம்மா இல்லாதவர்கள், அம்மா நோயில் படுத்திருப்பவர்கள் கூப்பிடுகிறார்கள். வீடு நிறைய ஆள் இருந்தும் பேச்சைக் கேட்க ஒருவர் இல்லாதவர்களும் கூப்பிடுகிறார்கள். பிள்ளையை மார்பில் சரியாகப் பிடிக்கவைப்பது, தாய் இரண்டு மணி நேரம் தூங்க வழி செய்வது, பால் போதவில்லை என்று சொல்லும் மாமியாரை நோகடிக்காமல் பேசுவது என்று வேலை நிறையவே இருக்கும். பெற்றவளின் அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டும். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மகள் வளர்ந்த பிறகு பிரசவ அறைக்கு வர நினைத்தால், உங்கள் ஊர் மருத்துவமனைகளிடம் முதலில் விசாரியுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாகப் பெரும்பாலும் உறவுக்காரப் பெண் ஒருவரைத்தான் அனுமதிக்கிறார்கள். தனியாரில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விதி. கணவரோடு கூடுதலாக ஒருவரை உள்ளே விடுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள்.