வேலிக் கள்ளியில் சாயப்பூச்சி: வளர்த்து விற்கலாமா?

கேள்வி: ஐயா, பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். வேலியில் உள்ள சப்பாத்திக்கள்ளி முழுக்க வெள்ளைப் பஞ்சாகப் பூச்சி அப்பியிருக்கிறது. நசுக்கினால் விரலெல்லாம் இரத்தச் சிவப்பு. உதட்டுச் சாயத்துக்கு வாங்குகிற பூச்சி இது, கிலோ கணக்கில் விற்கலாம் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு என் மகன் சொல்கிறான். உண்மையா? மல்பெரிக்குத் தாவிவிடுமா? வரப்பில் நாலைந்து இலந்தை மரங்களும் நிற்கின்றன.

பதில்: மல்பெரியைப் பற்றிய கவலையை விடுங்கள். கள்ளியைத் தவிர வேறு எதிலும் இந்தப் பூச்சி வாய் வைக்காது. மல்பெரிக் கொழுந்து சுருண்டு, கரும்பச்சையாகி, கணுக்கள் நெருங்கிப்போயிருந்தால் அது துக்ரா என்ற கோளாறு. அதைச் செய்வது வேறொரு மாவுப்பூச்சி. அதுவும் வெள்ளைப் பூச்சுடன் இருப்பதால்தான் பலரும் குழம்புகிறார்கள்.

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. ஒரு கள்ளி மடலை எடுத்து அந்தப் பஞ்சை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே துவரம்பருப்பைவிடச் சிறியதாக, கருஞ்சிவப்பாக ஓர் உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பெண் பூச்சி. இறக்கை கிடையாது. ஊசி போன்ற வாயை மடலில் செருகி, ஆயுள் முழுவதும் அதே இடத்தில் சாறு குடித்துக்கொண்டிருக்கும். எறும்பு முதலிய எதிரிகள் தின்னாமலிருக்க அது உடலில் சேர்த்து வைக்கும் கார்மினிக் அமிலமே அந்தச் சிவப்பு. அதை அலுமினியம், கால்சியம் உப்புகளோடு சேர்த்தால் கார்மைன் கிடைக்கும். உணவுப் பொட்டலங்களில் இ120 என்று அச்சிடுவது இதைத்தான். உதட்டுச் சாயம், பழச்சுவைத் தயிர், மிட்டாய், பட்டு, கம்பளி என்று பலவற்றிலும் இது இருக்கிறது. வேளாண் கல்லூரி மாணவர்கள் மகரந்தம் உயிருள்ளதா என்று பார்க்க நுண்ணோக்கியின் கீழ் சொட்டு விடும் சிவப்பு மையும் இதே சரக்குதான்.

ஆனால் சந்தையில் விலை போவது பெரு நாட்டில் வளர்க்கப்படும் இனம். அது உருவில் பெரியது. மேலே மாவு போன்ற தூள் மட்டுமே இருப்பதால் தூரிகையால் தட்டி எடுத்துவிடலாம். உலர்ந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாயம் தேறும். அப்படியும் ஒரு கிலோ உலர்ந்த பூச்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும். உங்களுடையது காட்டு இனம். நூல் நூலாகப் பஞ்சு ஒட்டும், சாயமும் குறைவு. கூலி கொடுத்துச் சுரண்டினால் கைக்காசுதான் கரையும்.

இந்த ஆசையில் கிழக்கிந்தியக் கம்பெனியே சூடுபட்டது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. வந்ததோ மட்டமான இனம். சாயத்தில் தோற்று, கள்ளியை அழிப்பதில் மட்டும் வென்றது. பிறகு 1926-இல் இலங்கை வழியாக இன்னோர் இனத்தைக் கள்ளியை ஒழிப்பதற்கென்றே கொண்டுவந்தார்கள். உங்கள் வேலியில் இருப்பது பெரும்பாலும் அதன் வாரிசாக இருக்கும். பெரு இனத்தை வரவழைத்துத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். உயிருள்ள பூச்சியை இறக்குமதி செய்ய மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்புத் துறை அனுமதி வேண்டும். மாட்டுத் தீவனத்துக்கு முள்ளில்லாக் கள்ளி வைக்கும் எண்ணம் இருந்தால், இந்த வேலியைச் சுத்தம் செய்யாமல் நடாதீர்கள். இதே பூச்சி அதையும் உறிஞ்சி வற்ற வைத்துவிடும்.

வீட்டுக்கு ஒரு கை சாயம் எடுத்துப் பார்ப்பதானால் தாராளமாகச் செய்யலாம். ஆனேக்கலில் தறிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, ஒரு சிட்டம் பட்டு நூல் கேட்டு வாங்குங்கள். படிகாரத் தண்ணீரில் நூலை ஊறவைத்து, உலர்த்திப் பொடித்த பூச்சியைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில், கொதி வராத சூட்டில் போட்டு எடுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் நிறத்தை ஊதாவுக்கு இழுக்கும், மழைநீரே நல்லது. எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஆரஞ்சு கலந்த செம்மை வரும். பருத்தியில் இவ்வளவு எளிதில் பிடிக்காது.

பூச்சியிலிருந்து வருமானம்தான் வேண்டும் என்றால் உங்கள் இலந்தை மரங்களைப் பாருங்கள். அரக்குப் பூச்சிக்கு இலந்தை, புரசு இரண்டும் ஏற்றவை. குச்சி அரக்கை, அதாவது மரக்குச்சியோடு வெட்டியெடுத்த அரக்கை, கழுவும் நீரில் இறங்கும் சிவப்பும் பட்டுக்கு நல்ல சாயம். அரக்கோ, சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்களுக்கு அன்றாடத் தேவை. கர்நாடகத்தில் ஜாலாரி மரத்தில் வளரும் ஓர் அரக்கு இனம் 13 மாதத்தில் மூன்று தலைமுறை காணும். நாலைந்து மரத்தில் பணம் கொட்டாது. ஆனாலும் கள்ளிப் பூச்சியைவிட இதில் அர்த்தம் இருக்கிறது. விதை அரக்கை, அதாவது உயிருள்ள அரக்குப் பூச்சி ஒட்டிய குச்சிகளை, மரத்தில் கட்டும் பருவம் ஜூன்-ஜூலை, அக்டோபர்-நவம்பர். ராஞ்சியில் 1924-இல் தொடங்கிய அரக்கு ஆராய்ச்சி நிலையம் இன்று தேசிய இரண்டாம் நிலை வேளாண்மை நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது; விவரங்களுக்கு அங்கே எழுதுங்கள்.

வேலிப் பூச்சிக்கு மருந்து அடிக்கவே வேண்டாம். காற்றில் மல்பெரி இலையில் படிந்தால் புழு மனை காலியாகிவிடும். துக்ரா தென்பட்டால் சுருண்ட நுனிகளைக் கிள்ளிச் சோப்புக் கரைசலில் முக்கி அழியுங்கள். மிஞ்சினால் மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டு விடலாம். அது வேலிக்கும் போய்ச் சாயப்பூச்சியையும் தின்னும். அதனால் சாயம் எடுப்பதாக இருந்தால் வண்டு விடுவதற்கு முன்பே சுரண்டிக்கொள்ளுங்கள்.