வீடியோ டயரி: எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 41. மார்பகப் புற்றுநோய்க்கு மகரகமவில் சிகிச்சை முடிந்து இப்போது கிளினிக் மட்டும் போகிறேன். கணவர் கட்டாரில் வேலை. சிகிச்சைக் காலத்தில் போனில் அவ்வப்போது கதைத்து எடுத்த துண்டுகள் கொஞ்சம் கிடக்கின்றன. இனி ரயிலில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை என்று போய்வந்து அதையும் டயரி மாதிரி எடுக்க ஆசை. எழுதி வைத்துக் கதைத்தால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. எழுதாமல் கதைத்தால் உளறுகிறேன், இல்லாவிட்டால் அழுகிறேன். எப்படி எடுப்பது? யூடியூபில் போடலாமா? புதுப் போன் வாங்க வேண்டுமா?

பதில்: எடுப்பது ஒரு வேலை, வெளியிடுவது வேறு வேலை. இரண்டுக்கும் நடுவில் சில கிழமைகளாவது இடைவெளி இருக்கட்டும். செய்தி வாசிப்பதற்கும் உளறலுக்கும் காரணம் ஒன்றுதான். கேமராவுக்குப் பின்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கதைக்கிறீர்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் துண்டுகளில் "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்குபவற்றில் முதல் ஒரு நிமிடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். அந்த நிமிடத்தில் ஆள் இருக்கமாட்டார், அறிவிப்பாளர்தான் இருப்பார்.

யாரும் பார்க்காவிட்டாலும் பலன் உண்டு என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறது. 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் வாழ்க்கையில் மனதைப் பாதித்த சம்பவத்தை நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதினார்கள். நடந்ததையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ நிலையத்துக்குப் போனது, சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவு. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனநிலை சரிந்துதான் இருந்தது. கதைத்து முடித்ததும் அழுகை வருவது வழக்கமான விஷயம், நீங்கள் பிழையாக எடுத்ததன் அடையாளம் இல்லை. ஆனால் நாட்கணக்கில் நித்திரை கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், பதிவை நிறுத்திவிட்டு கிளினிக்கில் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சரி, எப்படித் தொடங்குவது? வசனம் எழுதவேண்டாம், ஆனால் வெறும் வாயோடும் தொடங்கவேண்டாம். திகதி, இடம், கண்முன் இருக்கும் ஒரு சாமான், இந்த மூன்றையும் சொல்லுங்கள். "இன்று செவ்வாய்க்கிழமை. கோட்டை ஸ்டேஷனில் யாழ்தேவிக்கு நிற்கிறேன். பக்கத்து வாங்கில் ஒரு அம்மா மடியில் மாம்பழப் பெட்டியை வைத்துக்கொண்டு இருக்கிறா, பெட்டியில் ஊசியால் ஓட்டை போட்டிருக்கு." இவ்வளவுதான். இதற்குப் பிறகு வாய் தானாகப் போகும் இடத்துக்குப் போகட்டும். "நான் எப்படி உணர்கிறேன் என்றால்..." என்று தொடங்கினால் அநேகமாக எங்கேயோ கேட்ட நாடக வசனம்தான் வரும். பொருளிலிருந்து தொடங்கினால் உங்கள் சொந்த வார்த்தை வரும். உங்கள் கிளினிக் கொப்பியின் மூலைகள் மடிந்து கறுத்திருக்கும் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் கதைக்கலாம்.

வாய் வராத நாளுக்கு ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள். "இன்று எதற்குப் பயந்தேன், அது நடந்ததா?" எனக்குத் தெரிந்தவற்றில் இதுதான் நன்றாக வேலை செய்கிறது. கதைத்து முடிந்ததும் சட்டென்று நிறுத்தாமல் பத்து விநாடி ஓடவிடுங்கள். முக்கியமான வசனம் பலருக்கு அந்தப் பத்து விநாடிக்குள்தான் வருகிறது. அழுகை வந்தால் நிறுத்துவதும் ஓடவிடுவதும் உங்கள் விருப்பம். அன்றைக்கே திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

முகம் தெரியவேண்டும் என்று கட்டாயம் இல்லை. முன்பக்கக் கேமராவில் நமது முகத்தையே பார்த்துக்கொண்டு கதைப்பதால்தான் பாதிப் பேருக்கு நடிப்பு வருகிறது. திரையில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி மூடிவிட்டு லென்ஸைப் பாருங்கள். அல்லது பின்பக்கக் கேமராவை ஜன்னல் பக்கமோ உங்கள் கைகள் பக்கமோ திருப்பிவிட்டு குரலை மட்டும் கொடுங்கள். தோடம்பழம் உரிக்கும் கையும் கதைக்கும் குரலும் சேர்ந்தால் போதும், பார்ப்பவருக்கு ஆள் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஒன்றும் நடக்காத நாளிலும் எடுங்கள், இருபது விநாடி போதும். பெரும்பாலானோர் அழும் நாளில் மட்டும் போனைத் தூக்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வாழ்க்கை முழுக்க அழுகையாகவே இருந்தது போலத் தெரியும். அது பொய். நடுவில் மீன் வாங்கியிருப்பீர்கள், தங்கச்சியோடு சண்டை பிடித்திருப்பீர்கள், மழையில் உடுப்பு நனைந்திருக்கும். மீண்டு வந்த கதை அந்த நாட்களில்தான் இருக்கிறது.

சிகிச்சைக் காலத் துண்டுகளைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்லவேண்டும். படம் தெளிவில்லை, குரல் சரியில்லை என்று அவற்றைத் திரும்ப நடித்து எடுக்காதீர்கள். தலைமுடி கொட்டிய கிழமை வார்ட்டுக்கு வெளியே கிசுகிசுத்த குரலை இன்று எந்த மைக்காலும் உருவாக்க முடியாது. விளக்கம் சேர்க்க வேண்டுமானால் இன்றைய குரலில் தனியாகச் சொல்லி, இன்றைய திகதியைத் திரையில் போடுங்கள். எது அன்று எடுத்தது, எது இன்று சொல்வது என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும்.

பயணத்துக்கு வருவோம். எடுத்த எடுப்பிலேயே யாழ்ப்பாணம் வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கரையோரப் பாதை ஓடுகிறது. வெள்ளவத்தையிலிருந்து பாணந்துறை வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். முதலில் பிடிபடும் பிரச்சினை சத்தம்தான். கடற்காற்றும் தண்டவாளச் சத்தமும் சேர்ந்து போனின் மைக்கில் குரலை விழுங்கிவிடும். வயர் உள்ள சாதாரண இயர்போனின் மைக்கை சால்வைக்குள் கழுத்தோடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டால் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவு வரும். கதவோர இருக்கையைத் தவிர்த்து நடுவில் இருங்கள். பதுளைப் பாதையில் கதவில் தொங்கி வீடியோ எடுப்பவர்களைப் பார்த்து ஆசைப்படவே வேண்டாம், விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள்.

காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் ஏறி எடுப்பதாக இருந்தால் அங்கே ஓடும் பாட்டைக் கவனியுங்கள். பின்னணியில் சில விநாடி கேட்டாலும் யூடியூபின் கன்டென்ட் ஐடி (உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) அதைப் பிடிக்கக்கூடும். பிடித்தால் விளம்பர வருமானம் பாட்டு உரிமையாளருக்குப் போகலாம், சில வேளை வீடியோவே முடங்கலாம். பாட்டு நிற்கும்வரை படம் மட்டும் எடுத்து, குரலை இறங்கியபின் பதியுங்கள்.

இலங்கையில் செல்ஃபி டயரிக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. முகத்தைக் காட்டிக் கதைக்கும்போது பின்னால் இருப்பதற்கு முதுகைக் காட்டுகிறோம். பின்னால் இருப்பது புத்தர் சிலையாக இருந்தால் அது அவமதிப்பு என்று பிரச்சினையாகும். 2012-இல் சிலையோடு விளையாட்டாகப் படம் எடுத்த பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் நீதிமன்றம்வரை போகவேண்டி வந்தது. விகாரைகளில் பக்கவாட்டில் நின்று, சிலையைப் பார்த்தபடியே கதையுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் இராணுவ முகாம், சோதனைச் சாவடி பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். வைத்தியசாலைக்குள் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது.

பதிவுகளைச் சேமிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படத் தரம் 1080பி, விநாடிக்கு 30 பிரேம் போதும். ஐபோனில் ஹெச்ஈவிசி (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும்) முறையில் அது நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, அதைவிடக் கூர்மையான 4கே என்றால் சுமார் 170 எம்பி. பத்து நிமிடக் கதைக்கு 600 எம்பியா, 1.7 ஜிபியா என்று நீங்களே கணக்குப் பாருங்கள். எடுக்கும்போது ஏர்பிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் யாராவது கோல் எடுப்பார்கள். பிரதி ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறொரு வீட்டில் அல்லது கிளவுட்டில். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாகக் கணவருக்கு அனுப்பிவிட்டு அதுவே பிரதி என்று நினைக்காதீர்கள், அது தரத்தைக் குறைத்துவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

இப்போது யூடியூப். போடலாம். ஆனால் முதலில் 'பிரைவேட்' என்று ஏற்றி நெருங்கியவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். மின்னஞ்சல் வழியாக 50 பேர் வரை அழைக்க முடியும். பிபிசியின் சமூக நிகழ்ச்சிப் பிரிவு 1990களில் சாதாரண மக்கள் கையில் கேமரா கொடுத்து டயரி எடுக்க வைத்தபோது, எடுத்தவருக்கு ஒளிபரப்பைத் தடுக்கும் உரிமையையும் கொடுத்தது. அந்த உரிமையை நீங்கள் உங்கள் வீடியோவில் வரும் எல்லோருக்கும் கொடுங்கள். அம்மா அழும் காட்சியை அம்மா பார்த்து "வேண்டாம் பிள்ளை" என்றால் அது போகாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் கேட்க முடியாவிட்டால் அவர் வரும் துண்டு வெளியே வரவேண்டாம்.

ஏற்றுமுன் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். கொப்பியில் உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தெரிகிறதா? வீட்டு வாசல், ஒழுங்கையின் பெயர்ப்பலகை, பிள்ளைகளின் பாடசாலைச் சின்னம்? பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். கணவர் வெளிநாட்டில் என்று கடிதத்தில் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், அதே சாதாரணத்தோடு வீடியோவிலும் சொல்லிவிடுவீர்கள். வீட்டில் நீங்கள் தனியாக இருப்பதை ஊருக்கே சொன்னதாகிவிடும். அந்த வசனத்தை வெட்டுங்கள். பயண வீடியோவை அந்த ஊரைவிட்டு வந்தபிறகு போடுங்கள்.

கொமென்ட்ஸை முதல் மாதம் மூடி வையுங்கள். திறந்தால், "எந்த மருந்து எடுத்தீர்கள் அக்கா?", "முள்சீத்தா இலை அவித்துக் குடித்தீர்களா?" என்று நிச்சயம் கேட்பார்கள். மருந்துப் பெயரோ, பத்தியமோ, அளவோ சொல்லாதீர்கள். உங்கள் அனுபவம் உங்களுக்கு உண்மை, இன்னொருவரின் உடம்புக்கு அது சிகிச்சைத் திட்டம் ஆகாது. "உங்கள் டொக்டரைக் கேளுங்கள்" என்று ஒரே பதிலை எல்லோருக்கும் போடலாம்.

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது கேட்பார்கள். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அதை நோக்கி ஓடத் தொடங்கினால், நல்ல நாளின் வீடியோவைவிட மோசமான நாளின் வீடியோதான் அதிகம் ஓடுகிறது என்று சீக்கிரமே கண்டுபிடிப்பீர்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

புதுப் போன் வேண்டாம். இருக்கிற போனில் இடத்தைத் துப்புரவாக்குங்கள், ஒரு பவர் பேங்க் வாங்குங்கள், வயர் இயர்போன் வீட்டில் இல்லாவிட்டால் புறக்கோட்டையில் வாங்கலாம். பயணத் திகதியை அடுத்த கிளினிக் திகதியோடு முட்டாமல் பார்த்து வையுங்கள், தூரப் பயணத்துக்கு உடம்பு தயாரா என்று அங்கேயே கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.